கேம்ஷாஃப்டும் எட்டு மணி அண்ணனும்

சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் இரண்டு கேம்ஷாஃப்டையும் படுக்கவைத்திருந்தார்கள். எது எந்தப் பக்கத்துக்கு என்றுதான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இன்ஜினின் தலையில் பக்கத்துக்கு ஒன்றாகப் படுத்துக்கொண்டு, சுழன்று சுழன்று வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டுகள் அவை. ஒன்று காற்று உள்ளே வருகிற பக்கம், மற்றது புகை வெளியே போகிற பக்கம். மாற்றிப் போட்டால் இன்ஜின் மூச்சு விடவேண்டிய இடத்தில் தும்மும். சாக்கில் கட்டி அனுப்பிய பழைய சாமான் கடைக்காரர் இரண்டிலும் சீட்டு ஒட்டித்தான் அனுப்பியிருந்தார். டீச்சரின் வீட்டுக்காரர், எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று, சீட்டோடு சேர்த்து மண்ணெண்ணெயில் கழுவிவிட்டார்.

தெருவே டீச்சர் என்று கூப்பிட்டாலும் அவள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள் அல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்; தினமும் முதல் கிளாஸ் காலை எட்டு மணிக்கு. அவளிடம் இருந்தது ஒரே வண்டி. ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்துச் சீட்டின் காலடியிலும் பிரேக்கும் கிளட்சும் வைத்த வண்டி. அதனால் அவசரத்துக்கு இன்னொருவர் காரை இரவல் வாங்கவும் முடியாது. போன வாரம் நடுரோட்டில் அது புகை கக்கி நின்றது. இன்ஜின் வெடித்துவிட்டது, வேறு இன்ஜின்தான் போடவேண்டும் என்றார் மெக்கானிக். பழையதைக் கழற்றி எடுத்து, எங்கோ தேடி இன்னொன்றைக் கொண்டுவந்து டீச்சர் வீட்டு ஷெட்டில் ஸ்டாண்டில் ஏற்றி வைத்தார். அன்று சாயங்காலமே தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுடைய மாணவர்கள் ஐந்து பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். நாலு பேர் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை என்றார்கள். ஐந்தாவது ஆள் நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது, லைசென்ஸ் காட்டினால்தான் சேரமுடியும். ஏற்கெனவே மூன்று முறை தோற்றவள். இந்த வண்டியைத் தவிர வேறு வண்டியில் உட்கார்ந்தால் கை நடுங்கும் என்று அழுதுவிட்டாள்.

மெக்கானிக் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே போன் செய்தார். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர் ஆளை அனுப்புவதாகவும், தங்கமான ஆள், அதிகம் பேசமாட்டார் என்றும் சொன்னார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, பேனா.

"எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க டீச்சர்," என்றார்.

"உங்களைத்தாண்ணே பார்த்துட்டு இருக்கேன். உள்ள வாங்க," என்று டீச்சர் நேரே ஷெட்டுக்கு அழைத்துப்போனாள். வெள்ளைச் சட்டையோடு இன்ஜின் வேலைக்கு வருகிறார் என்றால் எவ்வளவு பெரிய கையாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது. அண்ணன் ஸ்டாண்டில் தொங்கிய இன்ஜினைப் பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ கேட்க வந்தார். அதற்குள் அவள், சாப்பாட்டு மேசையிலிருந்து ஏற்கெனவே ஷெட்டுக்குக் கொண்டுவந்திருந்த கேம்ஷாஃப்டுகளில் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வாள். பத்து வருஷமாக "இப்ப கிளட்சை மிதிக்கிறோம், இப்ப கியரை மாத்துறோம்" என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். அப்படியே இப்போதும், இது காற்று வருகிற பக்கத்துத் தண்டு, இதை இங்கே வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து வைத்தாள். அண்ணன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே டீச்சர் இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. கண்டுபிடிக்காமல் வைத்ததைத்தான் இப்படிப் பதமாகக் குத்திக்காட்டுகிறார் என்று புரிந்துகொண்டாள். விளக்கைப் பிடித்து, இரண்டையும் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒன்றின் கடைசியில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், எந்தப் பக்கத்துக்கு என்று காட்டுகிற ஓர் எழுத்து நகக்கீறல் மாதிரி இருந்தது. அவள் மாற்றி வைத்திருந்தாள்.

"நல்லவேளை கேட்டீங்கண்ணே," என்றாள்.

அண்ணன் அந்த எழுத்தை நோட்டில் படம்போல வரைந்துகொண்டார்.

வேலை சீராகப் போயிருக்கும். ஆனால் வீட்டுக்காரர் ஒரு வாரம் லீவு போட்டு உதவிக்கு வந்துவிட்டார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். இன்ஜின் கையேட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். இரண்டாம் பக்கத்திலேயே நாலு எழுத்துப்பிழை கண்டுபிடித்து, அச்சிட்டவர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். கேம்ஷாஃப்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற மூடிகள் பத்து. ஒவ்வொன்றும் தன் இடத்தில்தான் உட்காரவேண்டும். அவற்றை ஒரு தட்டில் வட்டமாக, பார்க்க அழகாக அடுக்கி வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் இருந்தது.

வியாழக்கிழமை பாதி நாள் பத்தாவது மூடியைத் தேடுவதிலேயே போயிற்று. ஷெட்டைப் பெருக்கினார்கள், சலித்தார்கள். சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் அண்ணன்தான் கண்டுபிடித்தார். கையேடு காற்றில் புரளாமல் இருக்க வீட்டுக்காரர் அதன்மேல் வைத்திருந்த கனம், அந்த மூடிதான். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். டீச்சர் அவரைத் திட்டுவதற்கு மூச்சை இழுத்தாள். அண்ணன் நடுவில் புகுந்து, இதில் எதை முதலில் முறுக்கவேண்டும் என்று கேட்டார்.

"இந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிச்சு அந்தக் கோடி வரைக்கும்," என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள். இவர் காரணமில்லாமல் கேட்கமாட்டாரே. கையேட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். நடுவிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டு போகவேண்டும் என்று போட்டிருந்தது. ஒரே கோடியிலிருந்து இறுக்கியிருந்தால் தண்டு வளைந்திருக்கும், ஒடிந்தும் இருக்கும். திட்ட இழுத்த மூச்சைப் பெருமூச்சாக விட்டாள்.

அன்று சாயங்காலம் மெக்கானிக்குக்குப் போன் செய்து, நல்ல ஆளை அனுப்பினீர்கள், தப்பைத் தப்பு என்று சொல்லாமல் கேள்வியாகக் கேட்டே திருத்துகிறார் என்று நன்றி சொன்னாள். வலி மாத்திரை மயக்கத்தில், யாரையாவது அனுப்பினோமா என்பதே நினைவில்லாமல் கிடந்த மெக்கானிக், "நான் அனுப்பினா சும்மாவா அனுப்புவேன்," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

வெள்ளிக்கிழமை டைமிங் செயின் மாட்டினார்கள். கீழே பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டின் சின்னப் பல்சக்கரம், மேலே இரண்டு கேம்ஷாஃப்டின் பெரிய பல்சக்கரங்கள், மூன்றையும் ஒரே செயின் சுற்றிவரும். மூன்று சக்கரத்தின் அடையாளப் புள்ளிகளும் அததற்கு உரிய இடத்தில் நிற்கும்போது செயினை மாட்டவேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

முதல்முறை, செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரின் ஊசியை வீட்டுக்காரர் முன்கூட்டியே உருவிவிட்டார். அது துள்ளிப் பாய்ந்து பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் போய் விழுந்தது. மன்னிப்புக் கேட்டு வாங்கிவந்தார்கள். இரண்டாம் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. புள்ளிகளைச் சரிபார்த்து, கையால் மெதுவாக இன்ஜினைச் சுழற்றிப் பார்த்தாள் டீச்சர். முக்கால் சுற்று வந்து நின்றுவிட்டது. புது செயின், கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்றார் வீட்டுக்காரர். ஸ்பேனருக்கு நீளம் போதவில்லை என்று ஓர் இரும்புக் குழாயைத் தேடி எடுத்துவந்து, அதன் பிடியில் சொருகி, தொங்கி அழுத்தத் தயாரானார்.

"இது இப்படி நிக்கிறது சாதாரணமா டீச்சர்?" என்று அண்ணன் கேட்டார்.

டீச்சர் வீட்டுக்காரரின் கையிலிருந்து குழாயை வாங்கி மூலையில் வைத்தாள். சாதாரணம் இல்லை. உள்ளே வால்வு பிஸ்டனைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இன்னும் ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் வால்வு வளைந்து, இந்த இன்ஜினும் பழைய இன்ஜின் போன இடத்துக்கே போயிருக்கும். செவ்வாய்க்கிழமையும் போயிருக்கும், நர்ஸின் வேலையும் போயிருக்கும். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கே தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே இரண்டு புள்ளிகளும் சரி, கீழேயும் சரி. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அண்ணன் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு முழங்காலிட்டு, கிராங்க்கின் சக்கரத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். திரும்பவும் பார்த்தார்.

"கீழ ஒரு புள்ளிதான் இருக்கும்னு சொன்னீங்க. நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன். இங்க ரெண்டு இருக்கே," என்றார். அவர் குரலில் தான்தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டோமோ என்கிற பயம் இருந்தது. டீச்சர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டுதான் இருந்தன. ஒன்று கம்பெனி வைத்த புள்ளி. மற்றது என்றைக்கோ, எந்த மெக்கானிக்கோ, என்ன கணக்கிலோ உளியால் தட்டி வைத்தது. இவ்வளவு நேரமும் அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தது அந்த உளிப் புள்ளியைத்தான்.

செயினைக் கழற்றினார்கள். சரியான புள்ளிக்குக் கொண்டுவந்து மறுபடி மாட்டினார்கள். அண்ணன் ஒவ்வொரு பல்லாக விரல் வைத்து மூன்று தரம் எண்ணினார். இரண்டு முழுச் சுற்று சுழற்றியதும் எல்லாப் புள்ளிகளும் திரும்பி வந்து தத்தம் இடத்தில் நின்றன. எந்த இடத்திலும் முட்டவில்லை. வீட்டுக்காரர் கையேட்டை மூடிவைத்தார்.

சனிக்கிழமை, பக்கத்துப் பட்டறையில் கனத்தைத் தூக்கி இறக்குகிற செயின் பிளாக் இரவல் வாங்கி, ஆள் சேர்த்து இன்ஜினை வண்டிக்குள் இறக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சர் சாவியைத் திருப்பினாள். இரண்டு தரம் இருமியது. மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றுகிற மாதிரி ஒரே சீராக ஓடியது. அண்ணன் பானெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எத்தனை ஆயிரம் இன்ஜினை ஓடவைத்திருப்பார், இன்னும் ஒவ்வொன்றுக்கும் கலங்குகிறாரே என்று டீச்சர் வியந்து பார்த்தாள்.

ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்று அவரைக் கேட்டாள். அவர் ஓரடி பின்னால் போனார். "நீங்களே ஓட்டுங்க டீச்சர். நான் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கறேன்."

சீட் பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கடைத்தெருவைத் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தத்தில் குறை தேடுகிறார் என்று டீச்சரும் பேச்சுக் கொடுக்கவில்லை. வீடு திரும்பியதும், ஏதாவது குறை உண்டா என்று கேட்டாள். ஒரு குறையும் இல்லை, ரொம்ப நன்றாக ஓட்டினீர்கள் என்றார்.

அவருடைய வெள்ளைச் சட்டை இந்த ஐந்து நாளில் எண்ணெயில் முக்கி எடுத்ததுபோல் ஆகியிருந்தது. டீச்சர் புதுச் சட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதைக் கொடுத்து, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை என்றாள்.

"நன்றி நான்ல டீச்சர் சொல்லணும்," என்றார் அவர். "இந்த வயசுல இவ்வளவு பொறுமையா எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்ல."

பெரிய மனிதர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று அன்றிரவு சாப்பிடும்போது டீச்சர் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவரும் ஒப்புக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஐந்து பேரில் நாலு பேர் பாஸ். நர்ஸ் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் பின்பக்கமாக வந்து நிறுத்தியதைப் பார்த்து டெஸ்ட் எடுத்த அதிகாரியே தலையாட்டினாராம். வெளியே வந்ததும் டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீயும் ஒருவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்றாள் டீச்சர். அந்த அண்ணனின் பேரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கேட்டுவைக்க வாய்ப்பு மறுநாளே வந்தது. காலை எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் அண்ணன், டீச்சர் கொடுத்த சட்டையில். பக்கத்தில் அவர் மனைவி, கையில் ஒரு பை.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருவரையும் உள்ளே உட்காரவைத்தாள். நர்ஸ் பாஸானதைச் சொன்னாள். உளிப் புள்ளியைச் சொன்னாள். உங்கள் வீட்டுக்காரர் மட்டும் வராமல் இருந்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும், இப்படி ஒரு கைதேர்ந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அண்ணன் கூச்சத்தில் நோட்டை எடுத்து, புதுப் பக்கம் திருப்பி, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்.

அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தாள். கணவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு பையிலிருந்து தன்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"டிரைவிங் கிளாஸ்ல சேர்ந்து ஒரு வாரமாச்சு டீச்சர், இவரு இன்னும் இன்ஜின் பாடத்துலயே இருக்காரு, என் பேரையும் எழுதிக்கோங்க, ஆனா எனக்கு நேரா ஸ்டியரிங்லேர்ந்து ஆரம்பிச்சிடுங்க."