சாட்சி சொன்ன காளை

அனுப்பி முடித்த பிறகுதான் இசக்கிமுத்து அதற்கு மேலே இருந்த செய்தியைப் படித்தார்.

பொங்கலன்று மத்தியானம். வருஷா வருஷம் டி.வி.யில் போடும் காளைமாட்டுப் படம் அப்போதுதான் முடிந்திருந்தது. அண்ணன்மேல் கொலைப்பழி, கடைசியில் கோர்ட்டுக்குள் காளை வந்து, நிஜக் கொலைகாரன் முன்னால் நின்று கண்ணீர் விடும். இசக்கிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. குடியிருப்பு பிளாக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டார்: "மூளை உள்ளவன் பார்ப்பானா இதை? அந்தக் காளைக்கே வெட்கமா இருந்திருக்கும்."

அதற்கு மேலே, இரண்டு நிமிஷம் முன்னால், சடையப்பன் சார் நம்பரிலிருந்து: "எத்தனை தடவை பார்த்தாலும் அழுகை வருது. இதுதாங்க படம்!"

இசக்கிமுத்து வேலை பார்க்கும் சுரங்கத்தில் சடையப்பன்தான் ஷிப்ட் போடுகிற மேனேஜர். பகலில் மட்டும் வேலை இருக்கும் ஜெனரல் ஷிப்ட் கேட்டு அவர் எழுதிக்கொடுத்த மனு அவரிடம்தான் இருந்தது.

இருபது வருஷமாக மாறி மாறி ஷிப்ட். மனைவி தமயந்தி பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில். சின்ன வயசில் இசக்கிமுத்து பார்த்த ஒரு பழைய டி.வி. நாடகத்தை இப்போது தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி போடுகிறார்கள். அதன் முப்பத்தேழாவது பாகத்துக்கு ஈடே கிடையாது என்பது அவர் கட்சி. புருஷன் கோபித்துக்கொண்டு போனதும் கதாநாயகி அழாமல் உட்கார்ந்து சாப்பிடுவாள். பின்னணி இசை இல்லை. அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும். அதைத் தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"குரூப்ல போட்டதை அழிச்சிட்டேன்" என்றார் பெருமூச்சோடு.

தமயந்தி தன் ஃபோனைப் பார்த்தாள். "எனக்குத் தெரியுதே! உங்களுக்கு மட்டும் அழிச்சிருக்கீங்க. 'எல்லாருக்கும்'னு இருக்கிறதையில்ல அழுத்தணும்?"

இனி அழிக்கவும் வழியில்லை. ஊருக்கே தெரிகிற செய்தி அவர் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

அவசரமாக இன்னொன்று எழுதினார்: "நான் சொன்னது இந்தப் படத்தை இல்லை. அதே நேரம் அடுத்த சேனலில் ஓடியதை."

அரை நிமிஷத்தில் கீழ்வீட்டுக் காந்திமதி அம்மாளிடமிருந்து பதில்: "அடுத்த சேனல்ல கும்பாபிஷேகம் நேரலை. மூளை உள்ளவங்க பார்க்கக் கூடாதுங்களா?"

எட்டுப் பேர் கோபமுகம் போட்டார்கள்.

"மன்னிக்கவும். கும்பாபிஷேகமும் காளையும் எனக்கு ஒன்றுதான்."

"ஒண்ணுங்களா?" என்றார் காந்திமதி அம்மாள்.

தமயந்தி ஃபோனைப் பிடுங்கி ஃபிரிட்ஜ் மேலே வைத்தாள். அங்கேயும் அது சிணுங்கியது. இந்தத் தடவை தனியாக, சடையப்பன் சார்: 'நாளை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. பேசணும்.'

"கேட்டா உள்ளதைச் சொல்லிருங்க" என்றாள் தமயந்தி.

"உள்ளதைச் சொல்லித்தானே இந்தப் பாடு!"

மறுநாள் காலை முழுக்க ஃபோனில் அதே படத்தை மறுபடி பார்த்து, புகழ வேண்டிய இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

சடையப்பன் சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். "வாங்க இசக்கி! நேத்து நீங்க போட்டதைப் படிச்சிக்கினே இருந்தேன்."

"சார், அது கை தவறிப் போச்சு சார். காவியம் சார் அந்தப் படம்!"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "நெஜமாவா?"

போதவில்லை போலிருக்கிறது என்று இசக்கிமுத்து சுதியைக் கூட்டினார். "காளை கோர்ட்டுக்குள்ள வருதே, எனக்குத் தொண்டையே அடைச்சிருச்சு."

"அவ்ளோ பெரிய மாடு மாடிப்படி ஏறி எப்படி வந்துச்சுன்னு தோணலியா?"

"பாசம் சார்! பாசத்துக்கு ஏது படி?"

சடையப்பனின் மனைவி செங்கமலம் காபி கொண்டுவந்தவள், டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். சடையப்பன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மனுஷர் உருகுகிறார் என்று இசக்கிமுத்துவுக்குத் தெம்பு வந்தது.

"முன்னே குரூப்ல ஒரு பழைய நாடகத்தைப் பத்தி எழுதியிருந்தீங்களே? முப்பத்தேழாவது பாகம். அப்பளம் நொறுங்குற சத்தம்..." சடையப்பன் குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது.

அந்தக் கதாநாயகி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது இசக்கிமுத்துவின் கண்முன் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அதெல்லாம் இந்தக் காளை கால்தூசிக்கு வருமா சார்?"

சடையப்பன் மேஜைமேல் இருந்த ஒரு தாளை நாலாக மடித்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"சரிங்க. பொங்கலும் அதுவுமா வந்தீங்க. சந்தோஷம்."

ஒரு வழியாகத் தப்பித்தோம் என்று இசக்கிமுத்து ஸ்கூட்டரைக் கிளப்பியபோது, செங்கமலம் இரண்டு துண்டு கரும்போடு வாசல் கேட்டுக்கு ஓடிவந்தாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"ரொம்ப சந்தோஷம்ணே! குரூப்ல அவரு ஃபோன்லருந்து எழுதினது நான்தான், அவருக்கு அந்தப் படம்னாலே ஆகாது. 'பிளாக்லயே ரசனை தெரிஞ்ச ஒரே ஆளு'ன்னு உங்களுக்கு ஜெனரல் ஷிப்ட் ஆர்டரை எழுதி வெச்சிக்கினு காலைலருந்து காத்துக்கினு இருந்தாரு, அந்த மனுஷன்கிட்டயே எம் படத்தை வுட்டுக் குடுக்காம பேசினீங்க பாருங்க!"