புதன்கிழமை பெஞ்சைத் திருப்பித் தரக் கோரி

குமாசி,
ஜூன் 14

மதிப்பிற்குரிய மேட்ரன் டொன்கோர் அம்மா அவர்களுக்கு,

அரிவாள் செல் நோயாளி, அட்டை எண் 212, அட்வோவா நியார்க்கோ பணிவன்புடன் எழுதுவது. வயது ஐம்பத்திரண்டு. நான் இருபதைத் தாண்டமாட்டேன் என்று சொன்ன டாக்டரின் இறுதிச் சடங்குக்கு நான்தான் கறுப்புத் துணி உடுத்திப் போய்வந்தேன். இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருத்திதான்.

போன் வைத்தியப் பட்டியலிலிருந்து என் பெயரைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். போன புதன்கிழமை நடந்ததைக் கேளுங்கள். எட்டு மணிக்கே குளித்து, பூப்போட்ட கவுன் போட்டு, உதட்டுச்சாயம் பூசிப் போன் முன்னால் உட்கார்ந்தேன். "உங்களுக்கு முன் மூன்று பேர்" என்றது திரை. பத்தரைக்கும் அதே மூன்று பேர்தான். ஒருவழியாகப் புது டாக்டர் வந்தார், மீசை இப்போதுதான் முளைக்கிறது. "கண்ணைக் காட்டுங்க ஆன்ட்டி" என்றார். காட்டினேன். "ஐயோ, ரொம்ப மஞ்சளா இருக்கே!" பல்பு மஞ்சள் என்றேன். ஜன்னல் பக்கம் போகச் சொன்னார். போனேன், அங்கே பச்சைத் திரைச்சீலை. "இப்பப் பச்சையாத் தெரியுதே!" என்று இன்னும் பதறினார். பிறகு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று என்னையே அமுக்கிப் பார்க்கச் சொன்னார். "என்ன தட்டுப்படுது?" "காலையில தின்ன கென்கி, டாக்டர்." "வலி பத்துக்கு எத்தனை?" "ஏழு." "ஏழுன்னா இப்படி லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு உக்கார முடியுமா ஆன்ட்டி?" வலியில்லாத நாளாகப் பார்த்துப் பூசுவதென்றால் நான் பிறந்ததிலிருந்து ஒரு லிப்ஸ்டிக்கூட வாங்கியிருக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் திறந்த வாயோடு அப்படியே உறைந்துபோனார், பிறகு நெட்வொர்க்கோடு சேர்ந்து காணாமலும் போனார்.

பொய் சொல்லக் கூடாது, போன் வைத்தியம் உடம்புக்கு நல்லதுதான். மழையில் நனைந்து இரண்டு ட்ரோட்ரோ வேன் மாறி வந்தால், வந்து சேரும் முன்பே எலும்பெல்லாம் வலியெடுக்கும். இப்போது மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் அம்மா, புதன்கிழமைதோறும் உங்கள் கிளினிக்கில் நாங்கள் காத்திருந்த அந்தப் பெஞ்சில் யாரும் என்னைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கே?" என்று கேட்டதில்லை. "தண்ணி குடிச்சியா?" என்றுதான் கேட்பார்கள். பதினெட்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்த குவாக்கு ஒபிரியை உங்களுக்குத் தெரியும். "என்ன நியார்க்கோ, இன்னும் போய்ச் சேரலையா நீ?" என்பார். "உன்னை வழியனுப்பிட்டுத்தான்யா!" என்பேன். எங்களுக்கு அதுதான் காலை வணக்கம்.

அவர் இரண்டு தடவை என் போன் நம்பர் கேட்டார். நான் தரவில்லை. பெஞ்சுக்காரர்களின் எண்கள் ஏற்கெனவே ஏழு என் போனில் இருக்கின்றன. ஏழு பேரும் போய்விட்டார்கள், எண்ணை அழிக்க எனக்குக் கை வரவில்லை. எட்டாவது வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அப்போதெல்லாம் யாராவது வரவில்லையென்றால் உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். பெஞ்சை மூடி இப்போது பதினாலு மாதமாகிறது, யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? எனக்கு முன்னால் இருக்கும் அந்த மூன்று பேர் யார் என்று திரை சொல்வதில்லை. ரொம்பத் தனியாக இருக்கிறது அம்மா. மாதத்துக்கு ஒரு புதன்கிழமையாவது பெஞ்சைத் திறந்துவிடுங்கள். டாக்டர்கூட வரவேண்டாம்.

உங்கள் முழங்காலுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆண்டவர் அருள் கிடைக்கட்டும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இப்படிக்கு,
அட்வோவா நியார்க்கோ

பி.கு.: பட்டியலில் என் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். பெஞ்சும் வேண்டாம், விடுங்கள். என் போன் நம்பர் அட்டையிலேயே இருக்கிறது, அதை ஒபிரியிடம் கொடுத்துவிடுங்கள். எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்று சொல்லுங்கள். ஒருவேளை அவர் இல்லையென்றால் எனக்குப் பதில் எழுத வேண்டாம். நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.