எஞ்சின் மறித்த இன்ரநெற்

"இந்த வீட்டிலை இனி இன்ரநெற்றிலை கை வைக்கிறது நான் ஒராள்தான்! வேறை ஆரும் கிட்ட வரப்படாது!"

ஊர்காவற்றுறையில் பஸ்ரியாம்பிள்ளை இப்படிச் சபதம் எடுத்தபோது, மனைவி மேரிஜோசப்பின் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓம், தாராளமா வையுங்கோ. ஆர் வேண்டாமெண்டது?"

சபதத்துக்குக் காரணம் பாரிசில் இருந்தது. மகள் ஜெனீற்றாவின் மகன் டிலோன் வருகிற மாதம் கோயிலில் 'முதல் நன்மை', அதாவது முதன்முறையாக நற்கருணை, வாங்குகிறான். ஒரே பேரன். நேரில் பார்க்க விசா கேட்டார், இல்லையென்று விட்டார்கள். போகட்டும், அவன் வெள்ளை உடுப்போடு நிற்பதைக் கணினியிலாவது கண்குளிரப் பார்க்கவேண்டும் என்று மனுசன் துடியாய்த் துடித்தார். ஆனால் அந்த வீட்டுக்கு இன்ரநெற் வருவது யன்னலோரம் வைத்திருந்த வயரில்லாத போன் பெட்டி வழியாக. அது ஆமையிடம் நடை பழகிய பெட்டி. ஞாயிறு பின்னேரம் மகள் சிரித்துச் சிரித்துக் கதைப்பாள். திடீரென்று திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடுவாள். சத்தமும் நின்றுவிடும்.

பஸ்ரியாம்பிள்ளை தலை நரைக்கும்வரை வள்ளம் ஓட்டியவர். நடுக்கடலில் மூச்சு நின்ற எஞ்சினை இருட்டில் கழற்றிப் பூட்டியவர். "உந்தப் பெட்டி எனக்கு எம்மாத்திரம்?" என்று இறங்கினார். கரண்ட் வயரைக் கழற்றி, பெற்றோல் குழாயை ஊதுவதுபோல் ஊதினார். பெட்டியின் தலையில் தட்டினார். அன்ரனாவைக் கிழக்கே திருப்பினார், மேற்கே திருப்பினார், கடைசியில் தடியில் கட்டிக் கூரையில் ஏற்றினார். அதில் காகம் வந்து குந்தியதே தவிர, வேகம் வரவில்லை.

"எனக்கு உதுகள் ஒண்டும் விளங்காது," என்றாள் மேரிஜோசப்பின். "ஆனா போன் ரவர் முற்றத்துப் பக்கம்தானே. நடுவிலை உந்தப் பழைய தகரக் குவியல் மறிக்காதே?"

"உமக்கென்ன தெரியும்? போய்க் குழம்பைப் பாரும்!"

அந்தத் தகரங்களை அப்புறப்படுத்தச் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை வற்றிப் பல வருடம். ஆனாலும் அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அவர் குவியலை ஓசைப்படாமல் பின்வளவுக்குக் கடத்தினார். என்ன அதிசயம்! அடுத்த ஞாயிறு படம் ஆற்றுநீராய் ஓடியது. மேரிஜோசப்பின் வெறுமையான முற்றத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தாள். அன்று அவர் குளிக்கப் போனபோது மகளோடு தனியாகக் கொஞ்சம் கதைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு, நல்ல கதை நடுவே மேரிஜோசப்பின் சட்டென்று சிலுவை அடையாளம் போட்டாள்.

"என்னப்பா, ஏன் சிலுவை போடுறீர்?"

"தெரியேல்லை. மனசுக்குள்ளை என்னவோ செய்யுது."

அவள் கையை இன்னும் இறக்கவில்லை, அதற்குள் ஜெனீற்றா திறந்த வாயோடு நின்றுவிட்டாள்!

"அந்த முருங்கைக் கொப்புத்தான் மறிக்குது," என்றாள் மேரிஜோசப்பின். "மயிர்க்கொட்டிப் புழுவும் பிடிச்சுப் போய் நிக்குது."

அவர் கத்தியோடு ஏறினார். இறங்கி வந்து பார்த்தால் மகள் கலகலவென்று கதைத்துக்கொண்டிருந்தாள். மற்றக் கிழமை மறுபடி சிலுவை, மறுபடி மகள் நின்றாள். யன்னலடியிலிருந்த கோழிக்கூடு கிணற்றடிக்குப் போனது. படம் ஓடியது. பஸ்ரியாம்பிள்ளைக்கு உடம்பு புல்லரித்தது. தனக்கு வாய்த்தவள் சாதாரணப் பெண்ணல்ல, வரம் பெற்றவள் என்று பக்கத்து வீட்டுச் சவிரிமுத்துவிடம்கூடப் பெருமையடித்தார்.

முதல் நன்மை நாளும் வந்தது. பாரிசில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜெனீற்றா கணினி முன் அமர்ந்தாள். பஸ்ரியாம்பிள்ளை இங்கே புதுச் சாரமும் வெள்ளைச் சேட்டுமாய்க் கதிரை நுனியில்.

"அப்பா, இந்தா டிலோன் மெழுகுதிரியோடை வாறான். பாருங்கோ..."

மேரிஜோசப்பின் சிலுவை போட்டாள். ஜெனீற்றா நின்றாள்.

"ஐயோ! இண்டைக்குமே! இப்ப என்னப்பா மறிக்குது?"

அவள் மெல்லத் திரும்பி மூலையைப் பார்த்தாள். அங்கே மாதா சுரூபத்துக்குக் கீழே, நிலமெல்லாம் எண்ணெய் கசியக் கிடந்தது அவருடைய பழைய வள்ளத்து எஞ்சின். வள்ளத்தை விற்றும் அதை விற்க மனம் வரவில்லை. ஜெனீற்றாவைப் படிப்பித்ததும் அதுதான், பிளேன் ஏற்றியதும் அதுதான்.

"அது என்ரை உயிர். அதை அசைக்க ஏலாது!"

"ஆர் அசைக்கச் சொன்னது? முழு இரும்பெண்டு பாத்தன், அவ்வளவுதான். எஞ்சின்தான் பெரிசெண்டா இருக்கட்டும். பேரன்ரை படத்தைத் தபாலிலை அனுப்புவினம்தானே."

அவர் எஞ்சினைப் பார்த்தார். நின்றுபோன மகளைப் பார்த்தார். பிறகு வேலிப்பக்கம் போய், "சவிரிமுத்து! ஒருக்கா ஓடியா!" என்று கத்தினார். இருவருமாய்த் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கொட்டிலில் வைத்தார்கள். சவிரிமுத்து வீட்டுக்குத் திரும்ப, பஸ்ரியாம்பிள்ளை எஞ்சினை ஒருமுறை தடவிவிட்டுக் கண் கலங்க உள்ளே வந்தார்.

திரை நிறைய டிலோன். வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுதிரி.

"அம்மப்பா, நான் வடிவா இருக்கிறனோ?"

"என்ரை ராசா... வானத்துச் சம்மனசு மாதிரி இருக்கிறாயடா!" அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. இதற்காக ஒன்பது எஞ்சினைக்கூடத் தூக்கிப் போடலாம் என்று தோன்றியது. மேரிஜோசப்பின் அதற்குள் மூலையை வழித்துத் துடைத்து, மாதாவுக்கு முன்னால் புது மேசைவிரிப்புப் போட்டுப் பூவும் வைத்துவிட்டாள்.

அப்போது கோயிலில் ஆறுமணிச் செபத்துக்கு மணி அடித்தது. பழக்கதோசம், மேரிஜோசப்பின் சிலுவை போட்டாள்.

பாரிசில் ஜெனீற்றா திறந்த வாயோடு, தூக்கிய கையோடு நின்றாள்.

பஸ்ரியாம்பிள்ளை பதறி எழும்பினார். எழும்பியவர் அப்படியே குனிந்து திரையைப் பார்த்தார். மகள் நிற்கிறாள், சரி. அவளுக்குப் பின்னால் டிலோன் கேக்கில் விரலைவிட்டு நக்கிக்கொண்டிருக்கிறானே! மெழுகுதிரிச் சுவாலைகூட ஆடுகிறதே!

நின்ற படம் உதடு அசையாமல் முணுமுணுத்தது. "இன்னும் என்னம்மா மிச்சம் கிடக்கு?"

"அது கோயில் மணிக்குப் போட்டது, பிள்ளை," என்றாள் மேரிஜோசப்பின் மெதுவாக.

தகரம், முருங்கை, கோழிக்கூடு, எஞ்சின் என்று ஒவ்வொன்றாய்ப் பஸ்ரியாம்பிள்ளையின் மனதில் வந்து போயின. பழிக்குப் பழி வாங்காமல் விடுவதில்லை என்று கிழமை முழுதும் காத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு, மகளோடு கதைத்துக்கொண்டிருக்கையில் மேரிஜோசப்பின் தொடங்கினாள். "இஞ்சாருங்கோ, குசினிக் கூரை ஒழுகுது. ஒருக்கா ஏறிப் பாருங்கோவன்."

பஸ்ரியாம்பிள்ளை நின்றார். திறந்த வாய், தூக்கிய கை, இமைகூட அசையவில்லை.

"அம்மா! அப்பாவுக்கு என்ன நடந்தது?" பாரிஸ் அலறியது.

மேரிஜோசப்பின் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பயப்பிடாதை பிள்ளை, படம் நிண்டிட்டுது. சவிரிமுத்தைக் கூப்பிட்டுக் கதிரையோடை தூக்கி, கொட்டிலுக்குள்ளை எஞ்சினுக்குப் பக்கத்திலை வைச்சாச் சரியாகீடும்."

படம் எழும்பி ஏணி தேடப் போனது.