பழுப்பு ஸ்வெட்டரும் பத்து கிலோமீட்டரும்

எழுபத்தொரு வயதில் நான் ஒரு பந்தயத்தில் ஓடுவதென்று தீர்மானித்தேன். உடம்பு தேறுவதற்காக அல்ல. ஒரு ஸ்வெட்டரைக் காப்பாற்றுவதற்காக.

பழுப்பு நிறம். அசல் கம்பளி. பொத்தான் ஐந்து, அதில் மூன்று பிறவியிலேயே உள்ளவை. வலது முழங்கையில் மட்டும் ஓர் ஓட்டை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்காக நான் அப்படித்தான் நடமாடுகிறேன். எனக்கு அந்தக் கையில் வாதம் என்று எங்கள் நெப்ராஸ்கா ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள்.

என் மனைவி ஐடெல்லாவுக்கு இந்த ஸ்வெட்டரைக் கண்டாலே ஆகாது. அதற்கு அடுத்தபடியாக ஆகாதது என் காக்கிக் கால்சட்டை. நல்லவேளையாக அது ஊரில் பத்திரமாக இருந்தது.

ஜூலை மாதம் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் அவள் தங்கை ஆர்டித் வீட்டுக்குப் போனோம். எங்கள் ஊரில் அப்போது சோளம் செடியிலேயே வெந்துவிடும். இங்கேயோ கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து பல் தந்தியடித்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். அன்று மாலையே அக்காளும் தங்கையும் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். ஞாயிறு காலை என்னைத் துணிக்கடைக்கு அழைத்துப் போவது. புதிது வாங்கிப் போட்டுவிடுவது. பழையதை அந்தக் கடைக் குப்பைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வருவது. திங்கட்கிழமை ஊர் திரும்புகிறோம். ஆக, ஞாயிறு தப்பினால் ஸ்வெட்டர் தப்பியது.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினேன். ஆகையால் யோசித்தபடி தெருவில் நடந்தேன். காப்பிக் கடைக் கண்ணாடியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஞாயிறு காலை கடலோரச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓடிக்கொண்டிருக்கிறவனை எவளாலும் துணிக்கடைக்குள் தள்ள முடியாது. அங்கேயே பேர் கொடுத்தேன்.

சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னேன். இடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை.

"தாராளமா ஓடுங்க," என்றாள் ஐடெல்லா.

"அப்ப கடை?"

"கடை எங்கே ஓடிடப் போகுது? ஓடப் போறது நீங்கதானே."

ஆர்டித் என் தட்டில் இன்னொரு கரண்டி பாஸ்தாவைக் கொட்டினாள். ஓடுகிறவர்கள் முதல் நாள் இதைத்தான் ரொப்பிக்கொள்ள வேண்டுமாம். அவள் வாய் எதையோ மென்று அடக்கியது. பாஸ்தா என்று நினைத்தேன்.

"விடியக்காலம் குளிரும். உங்க ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுப் போங்க," என்றாள் ஐடெல்லா.

"எந்த ஸ்வெட்டர்?"

"எத்தனை வச்சிருக்கீங்க? ஆனா ஓடுறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. வேர்வையில நனைஞ்சா கம்பளி சுருங்கிப் போயிடும்."

என் கண் கலங்கியது. என் ஸ்வெட்டரைப் பற்றி அவள் அன்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை. தானும் தங்கையும் காலையில் தேவாலய வேலையாகப் போக வேண்டியிருப்பதால் என்னைத் தனியே போகச் சொன்னாள். சந்தோஷமாகப் போனேன்.

புறப்படும் இடத்தில் ஊரே கூடியிருந்தது. மணி அடிக்கும் நேரம் நெருங்கியதும் எல்லாரும் குளிருக்கு மாட்டியிருந்த மேல்சட்டையைக் கழற்றி ஓரத்துக் கம்பி வேலியில் போட்டார்கள். ஆரஞ்சு உடுப்பு மாட்டிய ஆட்கள் அவற்றைச் சாக்கில் சேர்த்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆட்டம் நடந்தால் எல்லாருடைய கோட்டும் வாசல் மேஜையில் ஒரே குவியலாகக் கிடக்கும். ஆட்டம் முடிந்ததும் அவரவர் கோட்டை அவரவர் எடுத்துக்கொள்வோம். ஒரு கையுறை தொலைந்ததில்லை. பெரிய ஊரல்லவா, அதையே சாக்கு வைத்துச் செய்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். யாரையாவது கேட்டிருக்கலாம். கூச்சம். ஐந்து பொத்தானையும் மாட்டி, ஓட்டை உள்பக்கம் போகும்படி மடித்து, வேலியில் வைத்துவிட்டு ஓடினேன்.

பாதி தூரத்தில் வாழைப்பழ வேஷம் போட்ட ஒருவர் என்னோடு சேர்ந்துகொண்டார். பல் வைத்தியராம். இந்த ஊர் ஓட்டத்தில் பலர் வேஷத்தோடுதான் ஓடுகிறார்கள். வயதுக்கு நன்றாக ஓடுகிறேன் என்றார். அந்தப் பாராட்டில் தைரியம் வந்து, சாக்குகளை முடிவில் எங்கே பிரித்துக் கொடுப்பார்கள் என்று கேட்டேன்.

"வேலியில போட்டதா? அது திரும்பி வராது தாத்தா. தேவாலயத்து ஆளுங்க எடுத்துப் போய் தர்மத்துக்குக் கொடுத்துடுவாங்க."

"எல்லாருமா தர்மம் பண்றாங்க?"

"இதுக்குன்னே வீட்டுல இருக்கிற கந்தலாப் பார்த்துப் போட்டுக்கிட்டு வருவோம்."

என் ஸ்வெட்டரை ஒரு வாழைப்பழம் கந்தல் என்று சொல்லிவிட்டது. பதில் யோசிப்பதற்குள், பக்கத்துப் பாதையில் ஒரு சின்ன மின்சார வண்டி சாக்குமூட்டைகளோடு எங்களைக் கடந்தது. ஓட்டியவள் ஆர்டித். மூட்டைகளின் உச்சியில் ஆரஞ்சு உடுப்போடு ஐடெல்லா. அவள் மடியில் என் ஸ்வெட்டர்.

தேவாலய வேலை.

"ஐடெல்லா, வண்டியை நிறுத்து."

"பேசி மூச்சை வீணாக்காதீங்க. மேடு வருது."

"அதைக் கொடு."

"வந்து வாங்கிக்குங்க."

துரத்தினேன். வாழைப்பழம் பின்தங்கியது. இரண்டு கடற்கன்னிகள் பின்தங்கினார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடிய ஒருவர் வழிவிட்டார். நான் சோர்ந்தால் ஆர்டித் வேகத்தைக் குறைத்தாள். நான் நெருங்கினால் கூட்டினாள். ஐடெல்லா எனக்குப் பயிற்சி கொடுப்பவள் என்று நினைத்த ஜனங்கள் இருபுறமும் நின்று மாட்டு மணியை ஆட்டினார்கள். "விடாதீங்க தாத்தா, கிட்ட வந்துட்டீங்க," என்றார்கள். அவளும் ஸ்வெட்டரை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். எங்கள் ஊர்க் குதிரைக்குக்கூட நாங்கள் கேரட்டை இவ்வளவு அழகாகக் காட்டியதில்லை.

முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எட்டிப் பிடித்தேன். என் பலம் முழுவதையும் சேர்த்து இழுத்தேன். கை வந்தது. ஸ்வெட்டரின் கை மட்டும். ஓட்டை உள்ள கை. மிச்சத்தோடு வண்டி சந்தில் திரும்பிப் போய்விட்டது. வந்த வேகத்தை நிறுத்த முடியாமல் நான் கோட்டைத் தாண்டினேன்.

எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் எனக்கு இரண்டாமிடம் என்றார்கள். முதலில் வந்தவர் யாரைத் துரத்திக்கொண்டு வந்தாரோ, தெரியாது. கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். குளிருக்கு ஒரு வெள்ளித்தாளைச் சுற்றிவிட்டார்கள். அடுப்பில் சுடுவதற்குத் தாள் சுற்றி வைத்த உருளைக்கிழங்குபோல நின்றேன். ஐடெல்லா ஆர அமர நடந்து வந்தாள். என் கையிலிருந்த கம்பளிக் கையை வாங்கி, என் நெற்றி வேர்வையை அதனாலேயே பதமாகத் துடைத்தாள்.

"ரொம்ப நல்லா ஓடினீங்க. அக்டோபர்ல நம்ம ஊர்ப் பக்கம் ஒரு ஓட்டம் இருக்கு, உங்க பேரைக் கொடுத்துட்டேன்," என்றாள். "அதுக்கு அந்தக் காக்கிக் கால்சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க."