நயாகராவுக்குள்ளிருந்து வந்த அண்ணா

களுக். வீடியோ டெக் கசெற்றை விழுங்கும் சத்தம். போன மாதம் ஸ்காபரோவில் யாரோ வீட்டு வாசலில் பழஞ்சாமான் விற்றபோது அதைக் கேட்டேன். என் கால்கள் தாமாகவே ஓடப் பார்த்தன.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ரீச்சர். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத வயது (இப்போதும் தெரியாது). பிள்ளைகளோ பனிக்கால மரங்கள். உதிர்க்க ஒரு தமிழ்ச் சொல் இல்லை. கல்விச்சபை அதிகாரி பார்க்க வருகிறார், பிள்ளைகள் வாய் திறக்காவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்றார்கள்.

கரும்பலகையும் வெண்கட்டியும் போதாது என்று முடிவெடுத்தேன். பாடம், நீர். சுவரில் புரொஜெக்டர் காட்டும் சொற்கள், ரேப் ரெக்கோடரில் முன்பே பதிந்த என் குரலில் கேள்விகள், ரீவியில் படம். படத்துக்காக அண்ணாவின் அலுமாரியைக் கிளறினேன். பெயர் ஒட்டாத கசெற் ஒன்று. போட்டால் நயாகரா! வானவில், நுரை, பூக்கள். இரண்டு நிமிடம் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்துக்குப் பொறுமை இருந்தால் அது நானா?

(ரொறன்ரோத் தமிழரின் கலியாண வீடியோ நயாகராவில்தான் தொடங்கும் என்பது ஊருக்கே தெரியும். அண்ணாவின் கலியாணத்துக்குப் பிறகு வந்திறங்கிய எனக்குத்தான் தெரியாது.)

சனிக்கிழமை அண்ணாதான் ரீவியைச் சுமந்து வந்தார். களைத்துப்போய்ப் பின்வரிசையில், அதிகாரிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். படம் ஓடியது. அருவி விழுந்தது, நுரை விலகியது. அதற்குள்ளிருந்து கோட் சூட்டோடு அண்ணா மெல்ல மெல்ல எழுந்தார்.

“பிள்ளைகளே, இது என்ன?” என்றது ரேப்பில் என் குரல்.

“ரீச்சரின்ர அண்ணா!” வகுப்பே கத்தியது.

“இது எங்கே ஓடுகிறது?”

மேப்பிள் மரங்களுக்கு நடுவே அண்ணா கைகளை விரித்தபடி மணப்பெண்ணான மச்சாளை நோக்கி ஓடினார்.

“அன்ரியிட்ட ஓடுறார்!”

“இதற்கு மணம் உண்டா?”

ஒருத்தி எழுந்துபோய் அண்ணாவை மோந்து பார்த்தாள். “ஓம் ரீச்சர், சென்ற் மணக்குது!”

ரிமோட் வீட்டில். டெக்கின் பட்டனோ அமுக்கினால் உள்ளே போய்விட்டது. ரேப்பை நிறுத்துவதா, வயரைப் பிடுங்குவதா என்று இரண்டுக்கும் நடுவே ஓடி, புரொஜெக்டரில் மோதினேன். அது திரும்பியது. ரீவித் திரையில் மச்சாள் முன் மண்டியிட்டிருந்த அண்ணாவின் நெற்றியில் ‘கழிவுநீர்’ என்ற சொல் போய் விழுந்தது.

தமிழ் தெரியாத அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். பிள்ளைகள் இவ்வளவு பேசி அவர் எந்த வகுப்பிலும் கண்டதில்லையாம்.

வகுப்பு பிழைத்தது. அண்ணா பிழைக்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரராகிவிட்ட அந்த மாணவர்கள் இன்றும் கலியாண மண்டபங்களில் அவரை “நயாகரா அங்கிள்” என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அன்று அண்ணா ரீவியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு கார் ஓட்டினார். நான் இறங்கியதும் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“பிள்ளை, உனக்கு வெண்கட்டியே போதும்.”