மேலே ஒரு மெல்லிய பூச்சு

உலகத்தில் பொருளை வாங்குகிறவர்கள் உண்டு, பயன்படுத்துகிறவர்கள் உண்டு, போட்டு உடைக்கிறவர்களும் உண்டு. இவர்களில் எவரோடும் சேராத இன்னோர் இனம் நம் நடுவே நடமாடுகிறது. மூடுநர் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். மூடுநருக்குப் பொருள் பெரிதல்ல, அதன் மேல் இருப்பதுதான் பெரிது. டிவி ரிமோட்டைப் பாலித்தீன் பையில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, பை மங்கி எண்கள் மறைந்த பிறகு, கண் தெரியாதவர் போலத் தடவித் தடவிச் செய்திக்குப் பதில் சமையல் பார்ப்பார். புது ஃபிரிட்ஜ் கதவோடு ஒட்டி வந்த தாள் ஓரமெல்லாம் சுருண்டு, எண்ணெய்ப் பிசுக்கேறி, கந்தலாகத் தொங்கும், கிழிக்க விடமாட்டார். “உள்ள புதுசா இருக்குல்ல?” என்பார். இருக்கும். யார் பார்த்தார்கள்?

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைக்குப் பின்னால் குடியிருக்கும் அன்பரசன் இந்த இனத்தில் முதல் தரம். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பூதலூர்ப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். திடீர் மழையில் மூட்டைக்குள்ளேயே நெல் முளைவிடுவதைக் கண்ணால் கண்ட மனிதன் வானத்தை நம்புவானா? தெருவில் ஒரு மேகம் நிழல் போட்டால் போதும், அவர் கை தானாகத் தார்ப்பாயைத் தேடும். போதாததற்கு, அவரைப் பெற்றவர்கள் ஊரார் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள். அந்த வீட்டில் மூடி வைக்க எதுவும் இருந்ததில்லை. பொருள் என்று ஒன்று வந்ததும் மூட ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை.

“சோபாவுல பிளாஸ்டிக்க எடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது? வேர்வைக்கு ஒட்டிக்கிது. நான் எந்திரிச்சா சோபாவும் கூடவே எந்திரிக்கிது!” என்பார் மனைவி கனிமொழி.

“துணி பாழாயிடும் கனி.”

“நான் பாழாப் போனா பரவால்லயா?”

அதற்குள் மூடுநர் சோபா ஓரத்தில் விலகிய பிளாஸ்டிக்கை இழுத்துச் செருகிக்கொண்டிருப்பார்.

உறை போட முடியாத பொருள்களுக்காக அன்பரசன் ஒரு டப்பா வைத்திருந்தார். நிறமற்ற வார்னிஷ் ஸ்ப்ரே. குத்துவிளக்கு, கேட், பெயர்ப்பலகை, சைக்கிள் மணி, ஒரு தடவை பூசைக்கு வைத்த எலுமிச்சம்பழம், எல்லாவற்றுக்கும் ஒரு பூச்சு. “மெல்லிசா ஒண்ணே ஒண்ணு. என்ன ஆயிடப்போவுது?”

என்ன ஆகும் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அன்று மாலை மகள் அறிவுமதி ஓர் எவர்சில்வர் தகடு கொண்டுவந்தாள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறவள். அவர்கள் வம்சத்தில் முனைவர் பட்டத்தின் வாசல்வரை வந்த முதல் ஆள். உள்ளங்கை அளவுத் தகடு. திருப்பினால் பச்சை, சாய்த்தால் ஊதா, இன்னும் சாய்த்தால் செம்பு. புறாவின் கழுத்தே தகடாகிவிட்டது போலிருந்தது. திங்கள் காலை ஆய்வுக் குழுவின் முன் அதைக் காட்டியாக வேண்டும். மற்ற தகடுகள் சரியாக வரவில்லை. லேசர் இயந்திரம் மறுபடி கிடைக்க மாதக்கணக்காகும். படம் எடுக்க மேசையில் வைத்துவிட்டு, “யாரும் தொடாதீங்க” என்று சொல்லிக் கேமரா எடுக்க உள்ளே போனாள்.

அன்பரசன் பார்த்தார். இத்தனை அழகு, இத்தனை வெறுமையாக, இத்தனை தூசிக்கு நடுவே! கை தானாக டப்பாவைத் தேடியது. புஸ்ஸ்.

அறிவுமதி திரும்பி வந்தபோது மேசையில் இருந்தது சாதாரண எவர்சில்வர். டிபன் பாக்ஸ் மூடி செய்யலாம்.

“அப்பா! தொடாதீங்கன்னு சொன்னேன்ல!”

“தொடலையே பாப்பா. தூரத்துலேருந்துதான் அடிச்சேன்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அதுல சாயமே இல்லப்பா. கண்ணுக்குத் தெரியாத வரிவரியா லேசர்ல கீறியிருக்கு. வெளிச்சம் அந்த வரியில பட்டுப் பிரியிறதுதான் நிறம். நடவு வயல்ல வரிசை தெரியுதுல்ல? பயிரு தலைக்கு மேல தண்ணி நின்னா தெரியுமா?”

நெல் கொள்முதல்காரருக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. முகம் வெளிறிப்போனது. “அப்ப நான் வயலயே மூழ்கடிச்சிட்டனா?”

“வீட்டுல பெயின்ட் தின்னர் இருக்கா? வார்னிஷக் கரைச்சுப் பாக்கலாம்.”

இருந்தது! பாலித்தீன் பைக்குள் பை, அதற்குள் பை, அதற்குள் செய்தித்தாள், அதன் மேல் டேப். மகள் நகத்தால் கீற, மனைவி பல்லால் இழுக்க, அன்பரசன் தம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொருளைத் தாமே வெறிபிடித்தவர் போலக் கிழித்தார். கட்டியவன் எவனென்று திட்டவும் செய்தார்.

தகடு தின்னரில் கிடந்தது. எடுத்தால் சாம்பல். புதுத் தின்னர் ஊற்றினார்கள். மறுபடி சாம்பல். கனிமொழி ஊரிலுள்ள எல்லாச் சாமிகளுக்கும் வேண்டிக்கொண்டார். இன்னொரு முறை எடுத்து உதறி உலர்த்தியபோது ஒரு மூலையில் பச்சை எட்டிப் பார்த்தது. பிறகு ஊதா. பிறகு முழுப் புறாவும் வந்து இறங்கியது. மூவரும் கூடத்தில் குதித்தார்கள்.

மூச்சு வாங்கியதும் அன்பரசன் தயங்கிக் கேட்டார். “ஆனா பாப்பா, இப்படியே தொறந்து கெடந்தா கெட்டுறாது?”

“கெடும்ப்பா. விரல் பட்டாலே மங்கும். மெல்லிசாப் பூசினாலும் பச்சை செவப்பாயிடுது. அதான், நிறத்த மாத்தாத பூச்சு ஒண்ண நாலு வருஷமாத் தேடிட்டிருக்கேன். அதுதான் என் ஆராய்ச்சியே.”

அன்பரசன் மகளைப் பார்த்த பார்வையில், சொத்து சரியான கைக்குத்தான் போயிருக்கிறது என்ற நிம்மதி தெரிந்தது. கனிமொழி தலையில் அடித்துக்கொண்டார். “ஒண்ண வச்சே சமாளிக்க முடியல. இப்ப ரெண்டா!”

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் உங்கள் அலமாரியில், பெட்டி பிரிக்காமல் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கோப்பைகள் யாருக்காகக் காத்திருக்கின்றன? அவற்றில் குடிக்க வேண்டியவர் வந்து, எவர்சில்வர் தம்ளரில் காப்பி குடித்துவிட்டு, போயும் விட்டார். சரி, அதை விடுங்கள். உங்கள் கைப்பேசியின் முதுகு என்ன நிறம்? கடைக்காரரைப் படாதபாடு படுத்தி, வீட்டாரையெல்லாம் கேட்டு, நீங்களே ஆசைப்பட்டு எடுத்த நிறம்தான்.

உறையைக் கழற்றாமல் சொல்லுங்கள், பார்க்கலாம்.