பதினேழாம் வரிசையில் என் பக்கத்து இருக்கைக்காரர்

வெனிஸ்,
செவ்வாய்க்கிழமை (ஆகவே இன்று எங்கும் புறப்படவில்லை)

மதிப்பிற்குரிய நுன்ஸியோ அத்தானுக்கு,

மைத்துனன் கலோஜெரோ எழுதுவது. இவ்விடம் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதத்தான் மனம் வரவில்லை. அவ்விடம் தங்கள் நெஞ்சுப் படபடப்பு, அக்காவின் முழங்கால், அடுத்த மாதம் மணப்பெண்ணாகப் போகும் அகாத்தாவின் தூக்கமின்மை எல்லாம் எப்படி இருக்கின்றன? நகராட்சியில் காலமெல்லாம் இறப்புப் பதிவேடு எழுதியவன் நான். பிறர் உடம்பை விசாரிக்காமல் எனக்கு ஒரு கடிதமும் ஓடுவதில்லை.

பங்குக் கோயில் சார்பில் பேருந்து ஏற்பாடு செய்து, நேப்பிள்ஸ், ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று, சிசிலியை விட்டு வெளியே கால் வைத்திராத எனக்கும் நாட்டைக் காட்ட நினைத்தது தங்கள் பெருந்தன்மை. ஆனால் இருக்கை பிரித்ததும் தாங்கள்தானே? பதினேழாம் வரிசையை எனக்குத் தந்தீர்கள். போகட்டும், ராசியில்லாத அந்தப் பாழாய்ப்போன எண்ணிலும் யாராவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும். பக்கத்தில் மருந்துக்கடை எவரிஸ்தோவை உட்கார வைத்தீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மனைவி போனதிலிருந்து கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர், சோடாப்புட்டிக் கண்ணாடி, சிரிப்பே அறியாத முகம். அவர் கண் கொள்ளிக்கண் என்று ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லவும் வேண்டுமா? நாங்கள் ஏறியதுமே பேருந்தில் இருந்த அத்தனை பேரும் எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கண் படாமலிருக்க இரும்பைத் தொட வேண்டுமென்று பைக்குள் சாவியைத் துழாவினார்கள். சாவி கொண்டுவராத ஆண்கள் எதைத் தொட்டார்கள் என்பது அத்தானுக்குத் தெரியும். அக்காவும் இதைப் படிப்பாள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

மெஸ்ஸினாவில் பேருந்தைக் கப்பலில் ஏற்றினார்கள். கடல் அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. எவ்வளவு சாந்தமான கடல், ஒரு அலைகூட இல்லையே என்று நான் மனம் நிறைந்து சொல்லி வாய் மூடவில்லை, எங்கிருந்துதான் அந்தக் காற்று வந்ததோ, கப்பல் தொட்டிலாட ஆரம்பித்துவிட்டது. பங்குச் சாமியார் லிபோரியோ தம் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்தார். திரும்பிப் பார்த்தால் எவரிஸ்தோ கண்ணாடி வழியாகக் கடலை வெறித்துக்கொண்டிருக்கிறார். கரை சேரும்வரை நான் கப்பல் கம்பியை விடவில்லை.

நேப்பிள்ஸ் வாசலில், இந்த எஞ்சின் நம் எல்லோரையும் தாண்டி உழைக்கும் என்று ஓட்டுநர் சாரோவின் முதுகில் தட்டிக் கொடுத்தேன். உழைக்கிறவனைப் பாராட்டாமல் இருக்கலாமா? அடுத்த மேட்டிலேயே எஞ்சின் புகைந்து நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் முதுகுக்குப் பின்னால் எவரிஸ்தோ பெருமூச்சு விட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நேப்பிள்ஸில் பணப்பையை அடித்துவிடுவார்கள் என்று அக்கா எச்சரித்தாள் அல்லவா, சந்தைத் தெருவில் ஒருவன் அடித்தேவிட்டான். உள்பனியனில் ஊசி குத்தி வைத்திருந்தும் எப்படி எடுத்தானோ. ஆனால் கேளுங்கள் அத்தான், பத்தடி போனவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், முகம் வெளுத்துப்போய் அவனே திரும்பி வந்தான். பணப்பையை என் காலடியில் வைத்து, ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் திருஷ்டி படாமலிருக்கக் கொம்பு மாதிரி தரைக்கு நீட்டிக்கொண்டு, "எடுத்துக்குங்க சாமி, நான் புள்ளகுட்டிக்காரன்" என்று சொல்லி ஓடிவிட்டான். நேப்பிள்ஸ் திருடனையே விரட்டுகிற முகம் எவரிஸ்தோவுக்கு. அவர் என் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

ரோமில் சாமியார் பூசையில் பாடவிருந்தார். வெண்கலக் குரல் சாமி உங்களுக்கு என்று காலையில் சொன்னேன். மதியத்துக்குள் தொண்டை கட்டி, மிச்சப் பயணம் முழுக்கச் சைகையிலேயே பேசுகிறார். ஃப்ளாரன்ஸில் தையற்கார பினா அம்மாள், அந்த வயதிலும் மான் மாதிரி படியேறுகிறார்களே என்று நான் வியந்துகொண்டிருக்கும்போதே கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்கள். கைகொடுக்க ஓடினேன். "கிட்ட வராதீங்க தம்பி, நானே எந்திரிச்சுக்கிறேன்" என்றார்கள், பாவம், என் பின்னால் யார் வருகிறார் என்று அவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு மட்டும் தனி மூலை. ஒரு பாவமும் செய்யாத நான், இந்த மனிதரின் தோஷத்தில் பாதியைச் சுமக்கிறேன்.

நேற்று வெனிஸில் படகுத்துறைக்குப் போனோம். எத்தனை உறுதியான படகு என்று நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். எல்லோரும் தடதடவென்று ஏறினார்கள், சாரோ கயிற்றை அவிழ்த்தேவிட்டான், எங்கள் இரண்டு பேரையும் துறையில் விட்டுவிட்டுப் படகு போய்விட்டது. சாமியார் தூரத்திலிருந்து சிலுவை போட்டது தெரிந்தது. எவரிஸ்தோவோடு தனியாக, சுற்றிலும் தண்ணீர். எனக்கு அழுகையே வந்துவிட்டது அத்தான்.

ஆகையால் காலில் விழுந்து கேட்கிறேன். திரும்பும்போது அதே கடலைத் தாண்ட வேண்டும். சாமியாருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லி என் இருக்கையை மாற்றச் சொல்லுங்கள். ஓட்டுநர் பக்கத்துப் படியில் உட்காரவும் தயார். இன்னொன்று, அகாத்தாவின் கல்யாணத்துக்கு எவரிஸ்தோவை அழைக்காதீர்கள். மனம் நோகுமே என்று பார்த்தால் பெண்ணின் வாழ்வு என்னாவது? பலகாரத்தை முன்கூட்டியே அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மனிதர் மரியாதை என்று எடுத்துக்கொள்வார்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தம். நம் ஊர்ப் புனிதர் தங்கள் கூரையைக் காத்தருள்வாராக.

பணிவுள்ள மைத்துனன்,
கலோஜெரோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்தது. காப்பிக் கடையில் என் எதிரே எவரிஸ்தோ வந்து உட்கார்ந்தார். வலது கையை மேசைமேல் விரித்தார். உள்ளே வீட்டுச் சாவியும் திருஷ்டிக்கு ஒரு பவளக் கொம்பும். ஊரிலிருந்தே விடாமல் பிடித்துக்கொண்டு வந்ததில் உள்ளங்கை புண்ணாகியிருந்தது.

"கலோஜெரோ, நெசமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "எல்லாரும் பயப்படுறது உங்களப் பாத்துத்தான்."

பக்கத்தில் உட்கார ஒருவரும் சம்மதிக்கவில்லையாம். நீங்கதான் தனிக்கட்டை, உங்களுக்கு இழக்க என்ன இருக்கு என்று தாங்கள்தான் அவரைக் கெஞ்சி ஏற்றிவிட்டீர்களாம்.

ஞானஸ்நானம், கல்யாணம், எதுவானாலும் ஊரில் முதல் பலகாரத் தட்டு என் வீட்டுக்குத்தான் வரும். அது மரியாதை என்றல்லவா இத்தனை நாள் நிமிர்ந்து நடந்தேன். எவரிஸ்தோ சாவியையும் கொம்பையும் என் பக்கம் தள்ளிவிட்டு, வெறுங்கையால் கோப்பையை எடுத்து என்னோடு காப்பி குடித்தார். கோப்பையின் காது கழன்றதென்னவோ உண்மை. அவர் எழுந்து போகவில்லை, இன்னொரு காப்பி சொன்னார்.

எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். திரும்பும்போதும் எங்களுக்கு அதே வரிசை போதும். கல்யாணத்துக்கு நானும் எவரிஸ்தோவும் வருகிறோம். முதல் வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள். பலகாரம் வீட்டுக்கு வந்தாலும் சரி, நாற்காலி பின்னால் கிடந்தாலும் சரி, நான் நேரே வந்து மணப்பெண்ணின் உடையையும், மாப்பிள்ளையின் ஆரோக்கியத்தையும், பந்தியையும் ஒவ்வொன்றாகப் பாராட்டுவேன்.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தான். புறப்பட்ட அன்று பார்த்தேன், இளைஞன் மாதிரி இருந்தீர்கள்.